மருந்துக் கடை உரிமம் யாரைக் காப்பதற்கு?

குறுவை நெல்லில் தூருக்கு அடியில் புகையான் தென்படுகிறது. விவசாயி ஒரு தூரைப் பிடுங்கிக்கொண்டு நேராகப் போகும் இடம் பெரும்பாலும் வேளாண்மை விரிவாக்க மையம் அல்ல, உரக்கடைதான். கடை பக்கத்தில் இருக்கிறது, காலை முதல் இரவு வரை திறந்திருக்கிறது, கடனுக்கும் கொடுக்கிறார்கள். கடைக்காரர் தூரைப் பார்த்து இரண்டு பாட்டிலையும் ஒரு பாக்கெட்டையும் எடுத்து வைக்கிறார். "மூணையும் ஒண்ணா கலந்து அடிங்க, சரியாப் போயிடும்" என்கிறார். நோயைக் கண்டறிந்தது, மருந்து எழுதியது, மருந்து விற்றது மூன்றும் ஒரே ஆள். எல்லாம் ஐந்தே நிமிடத்தில்.

அந்த மூன்றில் ஒன்று செயற்கை பைரித்ராய்டு வகை மருந்து என்றால் புகையான் குறையாது, கூடும். புகையானைத் தின்னும் சிலந்திகளையும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளையும் அந்த மருந்து முதலில் கொன்றுவிடும். பத்து நாளில் வயல் வட்டவட்டமாகத் தீய்ந்து நிற்கும். மருந்து போலி அல்ல, தரமும் குறைவல்ல. சொன்ன ஆலோசனைதான் தவறு.

நம் சட்டங்கள் மருந்தின் தரத்துக்குப் பல காவல்களை வைத்திருக்கின்றன. ஆலோசனைக்கு என்ன காவல் இருக்கிறது? உரிமம் என்ற அந்தத் தாள் விவசாயிக்கு எதுவரை பாதுகாப்பு தருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை ஒவ்வொரு விவசாயியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

உரிமம் வந்த கதை

1958-ஆம் ஆண்டு கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உணவுப் பொருளுடன் ஒரே கப்பலில் ஏற்றிவந்த பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கசிந்து உணவில் கலந்ததே காரணம். நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் மத்திய அரசு விசாரணைக் குழு அமைத்தது. பூச்சிக்கொல்லிகளைத் தயாரிப்பது, ஏற்றிச் செல்வது, விற்பது, பயன்படுத்துவது எல்லாவற்றுக்கும் தனிச் சட்டம் வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்றது. அப்படி வந்ததுதான் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டம். அதற்கான விதிகள் 1971-இல் வந்தன.

ஆகவே மருந்துக் கடை உரிமம் வணிகர் சம்பாதிக்க அரசு கொடுத்த சலுகை அல்ல. நஞ்சை யார் கையில் வேண்டுமானாலும் விடக்கூடாது என்று, உயிர்களைப் பறிகொடுத்த பிறகு போட்ட வேலி அது. வேலி சரியாக இருக்கிறதா என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு.

வேலியில் என்னென்ன இருக்கிறது?

முதலில் மருந்துக்குப் பதிவு வேண்டும். மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவுக் குழு எந்த மருந்து, எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு என்று பார்த்துத்தான் பதிவு தருகிறது. ஒரு மருந்து ஒரு பயிருக்குப் பதிவாகியிருந்தால் எல்லாப் பயிருக்கும் ஆகும் என்று பொருளல்ல. மோனோகுரோட்டோபாஸ் பருத்தியில் அனுமதிக்கப்பட்டிருந்த காலத்திலேயே, 2005-இல், காய்கறிகளில் பயன்படுத்தத் தடை செய்யப்பட்டது. அதன் பிறகும் கத்தரிக்கும் வெண்டைக்கும் அதைக் கொடுத்த கடைகள் உண்டு.

அடுத்தது விற்பவருக்கான உரிமம். அதில் விற்பவரின் பெயர், கடை முகவரி, இருப்பு வைக்கும் இடம், எந்தெந்த நிறுவனங்களின் எந்தெந்த மருந்துகளை விற்கலாம் என்பதெல்லாம் இருக்கும். ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் முதன்மைச் சான்று வாங்கி உரிமத்தில் சேர்த்த பிறகே அந்த நிறுவனத்தின் மருந்தை விற்கலாம். உரிமத்தைக் கடைக்கு வருபவர் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். உணவுப் பொருளோ கால்நடைத் தீவனமோ வைத்து விற்கும் கட்டடத்தில் பயிர் மருந்து வைக்கக்கூடாது. காலாவதியான மருந்தைத் தனியே பிரித்து, விற்பனைக்கு அல்ல என்று குறித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு விற்பனைக்கும் ரசீது கொடுத்தாக வேண்டும்.

மூன்றாவது ஆய்வாளர். பூச்சிக்கொல்லி ஆய்வாளர் கடைக்குள் வந்து சோதனையிடலாம், பதிவேடுகளைப் பார்க்கலாம், 30 நாள் வரை விற்பனைக்குத் தடை போடலாம், மாதிரி எடுக்கலாம். எடுத்த மாதிரியை மூன்று பங்காக்கி முத்திரையிட்டு ஒன்றைக் கடைக்காரரிடமே கொடுப்பார். ஒன்று ஆய்வகத்துக்குப் போகும், ஒன்று நீதிமன்றத்துக்கு. ஆய்வகம் 30 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கையை ஏற்காத கடைக்காரர் 28 நாளுக்குள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். அப்போது நீதிமன்றத்திலுள்ள மாதிரி மத்திய ஆய்வகத்துக்குப் போகும்.

நிபந்தனையை மீறினால் உரிமத்தை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ முடியும். அதற்கு முன் கடைக்காரரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். உத்தரவு பிடிக்காவிட்டால் அவர் 30 நாளில் மேல்முறையீடு செய்யலாம். முதல் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமம் பெற்ற மொத்த விற்பனையாளரிடம் முறையாக வாங்கி, முறையாகப் பாதுகாத்து, மருந்து தரக்குறைவானது என்று அறிய வழியில்லாமல் விற்ற சில்லறை வணிகருக்குச் சட்டம் பாதுகாப்பும் தருகிறது. நேர்மையான வணிகர் இந்தச் சட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

உரத்துக்கு 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை, விதைக்கு 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டமும் 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணையும் உள்ளன. ஒரே கடையில் மூன்றும் விற்றால் மூன்றுக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். 'பயிர் ஊக்கி' என்ற பெயரில் வரும் பாட்டில்களும் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவரப்பட்டுவிட்டன. 'பயோ' என்று போட்டுவிட்டால் எதையும் விற்கலாம் என்ற காலம் சட்டப்படி முடிந்துவிட்டது.

படித்தவர்தான் விற்கலாமா?

நெடுங்காலம் மருந்துக் கடை வைக்க எந்தப் படிப்பும் தேவையில்லாமல் இருந்தது. 2015-இல் விதி திருத்தப்பட்டது. வேளாண்மை, வேதியியல், தாவரவியல், விலங்கியல் போன்ற பாடங்களில் பட்டமோ, வேளாண்மை அல்லது தோட்டக்கலையில் பட்டயமோ வேண்டும் என்று வந்தது. ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்கள் கொந்தளித்தார்கள். இருபது, முப்பது ஆண்டுகளாக இதே தொழிலில் இருப்பவர் இனி கல்லூரிக்கா போக முடியும்? அந்தக் கேள்வி நியாயமானது. காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. பழைய வணிகர்களுக்காக 12 வாரச் சான்றிதழ்ப் பயிற்சியும் வந்தது.

இதற்கும் முன்பே, 2003-இல், ஹைதராபாத்தில் உள்ள மேனேஜ் நிறுவனம் இடுபொருள் விற்பனையாளர்களுக்காக 'தேசி' என்ற ஓராண்டு பட்டயப் படிப்பைத் தொடங்கியது. வாரம் ஒரு நாள் என 48 வாரம். வகுப்பறைப் பாடத்தோடு வயல் பார்வையும் உண்டு. தமிழ்நாட்டில் குடுமியான்மலையில் உள்ள வேளாண்மை மேலாண்மை மற்றும் விரிவாக்கப் பயிற்சி நிலையம் இதை ஒருங்கிணைக்கிறது. இந்த வகுப்பை ஒழுங்காக முடித்த வணிகரிடம் தெரியும் மாற்றம் ஒன்று உண்டு. "என்ன மருந்து வேணும்?" என்று கேட்டவர், "என்ன பயிர், எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்கத் தொடங்குகிறார்.

அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதைக் களைக்கொல்லியில் பார்க்கலாம். நடவு வயலுக்கான பிரெட்டிலாகுளோரை நேரடி விதைப்புச் சேற்று வயலுக்குக் கொடுத்தால் நெல்லின் முளைப்பே அடிவாங்கும். அங்கே பயிர்க் காப்பான் சேர்த்த பிரெட்டிலாகுளோர்தான் கொடுக்க வேண்டும். பெயர் ஒன்றுதான், டப்பா வேறு. "நட்டதா, விதைச்சதா?" என்று கேட்கத் தெரியாதவர் கல்லாவில் இருந்தால் ஒரு போகமே போய்விடும்.

ஆனால் சுவரில் தொங்கும் சான்றிதழ் ஒருவருடையது, கல்லாவில் உட்காருபவர் இன்னொருவர் என்ற நிலையும் பல ஊர்களில் இருக்கிறது. சான்றிதழை வாடகைக்கு எடுத்து வாங்கிய உரிமம் யாரையும் காக்காது. ஆய்வுக்கு வரும் அலுவலர் இருப்புப் பதிவேட்டைப் பார்ப்பது போலவே, படித்தவர் கடையில் இருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆலோசனைக்கு உரிமம் வேண்டுமா?

மனிதருக்கு மருந்து எழுதுபவர் பதிவு பெற்ற மருத்துவர். எடுத்துக் கொடுப்பவர் பதிவு பெற்ற மருந்தாளுநர். மாட்டுக்கு வைத்தியம் பார்க்க 1984-ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு வேண்டும். பயிருக்கு மட்டும் அப்படி ஒரு முறை இல்லை. கடைக்காரரின் உரிமம் விற்பதற்கான உரிமம். ஆலோசனை சொல்வதற்கான உரிமம் அல்ல.

2009-இல் தமிழ்நாட்டில் இதை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. மாநில வேளாண்மை மன்றச் சட்டம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. வேளாண் பட்டம் பெற்று மன்றத்தில் பதிவு செய்தவர்களே வேளாண் ஆலோசனைத் தொழில் செய்யலாம் என்பது அதன் சாரம். இயற்கை வேளாண் இயக்கத்தினரும் விவசாயிகள் சங்கங்களும் கடுமையாக எதிர்த்தனர். நாற்பது ஆண்டு அனுபவமுள்ள விவசாயி பக்கத்து வயல்காரருக்கு யோசனை சொன்னால் குற்றமா என்று கேட்டனர். அந்தப் பதிவு முறை இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

பட்டம் பெற்றவன் என்ற முறையில் நான் அந்தச் சட்டத்தின் பக்கம் நிற்பேன் என்று சிலர் எண்ணலாம். நான் அப்படி நினைக்கவில்லை. விவசாயம் மருத்துவம் போல ஒரு தொழிலர் கூட்டத்தின் கையில் மட்டும் இருக்கும் அறிவு அல்ல. அனுபவத்தைப் பகிர உரிமம் கேட்பது பொதுமக்களைக் காப்பது ஆகாது. ஒரு கூட்டத்தின் பிழைப்பைக் காப்பதாகவே முடியும். உரிமம் என்ற கருவியை அளவோடு கையாள வேண்டும். தீங்கு எங்கே பெரிதோ, ஆதாயமும் ஆலோசனையும் எங்கே ஒரே கையில் இருக்கிறதோ, அங்கேதான் அது வேண்டும்.

மருந்துக் கடை அப்படிப்பட்ட இடம். இரண்டு பாட்டில் விற்றால் ஒரு பாட்டிலைவிடக் கூடுதல் லாபம் என்ற இடத்தில், "மருந்தே வேண்டாம், தண்ணீரை வடித்துக் காயப்போடுங்கள்" என்று சொல்ல மிகுந்த நேர்மை வேண்டும். எனவே என் யோசனை எளியது. கடைக்காரர் எந்த மருந்தைப் பரிந்துரைத்தாலும் பயிர், பூச்சி அல்லது களை, அளவு ஆகியவற்றை ரசீதிலேயே எழுதிக் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். எழுத வேண்டும் என்றாலே யோசித்துச் சொல்வார்கள். சிவப்பு முக்கோண மருந்துகளுக்கு வேளாண்மை அலுவலரின் எழுத்துப் பரிந்துரை இருந்தால்தான் விற்பனை என்றும் கொண்டுவரலாம்.

2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தபோது நஞ்சேறி 20-க்கும் மேற்பட்ட விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தனர். உரிமம், பதிவு, ஆய்வாளர் எல்லாம் அங்கேயும் காகிதத்தில் இருந்தன.

விவசாயி செய்ய வேண்டியவை

கடையில் உரிமம் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

டப்பாவில் உள்ள நிற முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு கடும் நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சையும் நஞ்சுதான், வீரியம் குறைவு, அவ்வளவே. உள்ளே உள்ள துண்டுப் பிரசுரத்தில் உங்கள் பயிரின் பெயர் இருக்கிறதா என்று படியுங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். கடனுக்கு வாங்கினாலும் ரசீது உண்டு. மருந்தின் பெயர், நிறுவனம், பேட்ச் எண், காலாவதி நாள் ஆகியவை அதில் இருக்கட்டும். துண்டுச் சீட்டில் எழுதிய தொகை ரசீது ஆகாது.

யூரியா கேட்டால் நுண்ணூட்டமும் சேர்த்து வாங்கச் சொன்னால் மறுத்து, உர ஆய்வாளரிடம் புகார் செய்யுங்கள்.

மருந்தடித்தவருக்கு மயக்கமோ வாந்தியோ வந்தால் மருத்துவமனைக்கு மருந்து டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். அதில் உள்ள பெயரும் முறிவு மருந்துக் குறிப்பும் மருத்துவருக்கு உதவும்.

பயிர் பாதித்தால் அன்றே வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். நாம் திறந்துவிட்ட பாட்டில் வழக்கில் மாதிரியாக நிற்பது கடினம். கடையில் அதே பேட்ச் முத்திரையோடு இருக்கும்போதே ஆய்வாளர் மாதிரி எடுத்தால்தான் பலம். நான்கு நாள் தாமதித்தால் அந்த பேட்ச் விற்றுத் தீர்ந்திருக்கும். வயலைப் படம் எடுத்து வையுங்கள். வேளாண் அறிவியல் நிலைய விஞ்ஞானியை வரவழைத்துப் பார்வை அறிக்கை கேளுங்கள். காலி டப்பாவை வழக்கு முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.

கடைக்காரர் மீதான துறை நடவடிக்கையால் உங்கள் நட்டம் திரும்பாது. இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விவசாயியும் நுகர்வோரே என்று தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிட்ட விவசாயியிடம் ஆய்வகத்துக்கு அனுப்ப விதை எங்கே என்று கேட்பது நியாயமல்ல என்ற பொருளிலும் அத்தீர்ப்பு பேசுகிறது. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் மனுப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

உரிமம் கொடுப்பவர் அரசு, வைத்திருப்பவர் வணிகர். ஆனால் அதன் நிபந்தனைகள் நடக்கின்றனவா என்பதைத் தினமும் கடை வாசலில் நின்று பார்க்கும் ஒரே ஆள் விவசாயிதான். ஒரு வட்டாரத்தில் நூறு பேர் ரசீது கேட்டு வாங்கினால், அந்த வட்டாரத்துக் கடைகள் ஒரே பருவத்தில் திருந்திவிடும்.