சோளகத்தில் காயும் பனாட்டு

ஆடி, ஆவணி வந்தால் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியின் புளியங்கூடல் வளவுகளில் இரவிரவாகப் பனம்பழம் 'தொப்'பென்று விழும். விடிய எழும்பிப் பொறுக்காவிட்டால் மாடு முந்திவிடும். சுட்டுச் சூப்பலாம், பணியாரம் சுடலாம். அப்படியும் மிஞ்சும் களி, விட்டால் ஒரே நாளில் நுரைத்துப் புளிக்கும். அதை அடுத்த வருடம் வரை வைத்துச் சாப்பிட யாழ்ப்பாணத்தார் கண்ட வழிதான் பனாட்டு.

பழத்தின் கறுத்த தோலை உரித்து, சிறிது தண்ணீர் தெளித்துக் கொட்டையைப் பிசைந்தால் தும்பிலிருந்து செம்மஞ்சள் களி கழன்று வரும். அதை வடித்து, உயரமான பந்தலில் விரித்த ஓலைப்பாயில் மெல்லிசாகப் பூசுவார்கள். அது காய்ந்ததும் அதன்மேல் அடுத்த பூச்சு. நாளுக்கு நாள் இப்படிப் பூசிப் பூசித் தடித்ததும் பாயிலிருந்து உரித்துத் துண்டு போடுவார்கள். கரட்டுக்கு நிறம் தரும் கரோட்டின்தான் பனங்களிக்கும் நிறம் தருகிறது. வெயில் பட்டுப் பட்டு களி மண்ணிறமாக இருண்டுவிடும்.

ஒரேயடியாகத் தடிப்பாக ஊற்றினால் வேலை மிச்சம்தானே? அங்கேதான் சூட்சுமம். தடித்த களியின் மேற்பரப்பு முதலில் காய்ந்து தோல் கட்டிவிடும். உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் மதுவங்கள் பெருகி, களி புளித்து நாறும். மெல்லிய பூச்சிலோ நீர் விரைவில் ஆவியாகிவிடும். எஞ்சிய சிறிதளவு ஈரத்தையும் பழத்தின் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்ளும். நுண்ணுயிர்களுக்குக் குடிக்க நீரில்லை. ஜாமும் இதே தத்துவம்தான், ஆனால் அதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை வேண்டும். பனாட்டுக்குக் கடைச் சர்க்கரை ஒரு கரண்டியும் தேவையில்லை, விறகும் தேவையில்லை.

வெயிலோடு காற்றும் வேண்டும். பழம் விழும் காலத்தில் தீவுப்பகுதியில் சோளகம் அடிக்கிறது. தென்மேற்கு மழையைத் தெற்கிலேயே கொட்டிவிட்டு வரும் வறண்ட காற்று அது. ஐப்பசியில் வாடைமழை தொடங்குமுன் பாய் சுருட்டப்பட வேண்டும். மழையில் மாட்டிய பனாட்டில் பூஞ்சணம்தான் மிஞ்சும்.

சில பனைகளின் களி கைக்கும். ஃபிளாபெலிஃபெரின் என்ற சப்போனின் வகைச் சேர்மங்களே காரணம். மரத்துக்கு மரம் அளவு வேறுபடுவதால், எந்தப் பனை இனிக்கும் என்று வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆய்வுகூடத்தை விட ஆச்சியின் நாக்கு இதில் வேகமானது.

1850இல் கொழும்பில் வெளிவந்த பனை பற்றிய வில்லியம் பெர்கசனின் ஆங்கில நூலில் பனாட்டுக்கும் இடமுண்டு. பனாட்டு வகைகளில் எனக்குப் பிடித்தது பாணிப்பனாட்டு: கருப்பணியை, அதாவது புளிக்காத பதநீரை, காய்ச்சிய பாணியில் துண்டுகளை ஊறவைப்பது. காய வைத்தலும் சர்க்கரையிடலும் ஒரே பானையில் சேர்கின்றன.

செய்து பார்க்க விரும்புவோர் ஒரு சிறு பாயோடு தொடங்குங்கள். முதல் பூச்சு விரலில் ஒட்டாமல் காயும் வரை இரண்டாவதைப் பூசாதீர்கள். பிழிந்த கொட்டைகளை எறியவும் வேண்டாம். மழைக்கு முன் பாத்தியில் அடுக்கினால் தை, மாசியில் கிழங்கு கிண்டலாம்.