வாட்டடுப்பு மாற்றும்போது

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் எட்டு ஆண்டுகள் உழைத்த கரியடுப்பு சென்ற மாதம் உயிர் விட்டது. விட்ட விதம் நல்லதன்று. கோழித் துண்டுகள் கம்பித் தட்டின் மேல் இருக்கும்போதே அடித்தகடு பெயர்ந்து, செந்தணல் முழுவதும் தரையில் கொட்டிற்று. பேரன் இரண்டடி தள்ளி நின்றிருந்தான். அவனுடைய செருப்பின் ஓரம் கருகியதோடு போயிற்று. மறுநாளே புதியது வாங்கப் புறப்பட்ட என் மகனை நிறுத்தி, "பழையது எதனால் செத்தது என்று முதலில் பார்ப்போம்" என்றேன். அவ்வாறு பார்த்ததில் கற்றவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

அதற்குமுன் சொல்லைப் பற்றி ஒன்று. எண்ணெயில் மூழ்கினால் பொரித்தல். வெறுஞ்சட்டியில் புரட்டினால் வறுத்தல். நெருப்பில் நேரே காட்டினால் சுடுதல். அனலுக்குச் சற்று எட்டப் பிடித்து ஈரம் சுண்டச் செய்தால் வாட்டுதல். அப்பளத்தைச் சுடுகிறோம், வாழையிலையை வாட்டுகிறோம். இத்துணை வேறுபாடு உள்ள மொழியில் மாணவர்கள் அனைத்தையும் 'கிரில்' என்று எழுதுவது எனக்கு உவப்பாக இல்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலன் அளித்த விருந்தில் இறைச்சியைக் கோத்துச் சுட்ட கம்பிக்குக் 'காழ்' என்று பெயர். சாத்தே கோக்கும் குச்சியையும் அப்பெயரால் அழைத்தால் என்ன? அடுப்பை யான் வாட்டடுப்பு என்றே இக்கட்டுரையில் குறிக்கின்றேன்.

இனி, இறந்த அடுப்பைப் பார்ப்போம். மழை நேரே விழும் மூடியில் துரு குறைவு. மழை படாத அடியிலேதான் இரும்பு சல்லடையாகியிருந்தது. காரணம் சாம்பல். சமைத்து முடித்ததும் சாம்பலை அப்படியே விட்டுவிடுவது எங்கள் வழக்கம். சாம்பல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அதில் உப்புகளும் உண்டு. இறைச்சியிலிருந்து சொட்டும் உப்பும் புளிப்பும் அவற்றோடு சேர்கின்றன. தகட்டின் வண்ணப்பூச்சை முதல் சில மாத அனலே எரித்துவிட்டது. ஆகவே வெற்றிரும்பின் மேல் ஈர உப்பை ஆண்டு முழுதும் அப்பி வைத்தோம் என்பதே உண்மை. நம் நாட்டில் பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. வறண்ட நாட்டவர் எழுதும் 'பத்தாண்டு உழைக்கும்' என்ற சொல்லை நாம் அப்படியே நம்புதற்கில்லை. சாம்பல் தட்டைத் தனியே இழுத்தெடுக்க முடியுமா என்பதே கடையில் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

இரண்டாவது, உலோகம். கடைக்காரர் 'எவர்சில்வர்' என்ற ஒரே சொல்லால் பலவற்றையும் விற்பார். 304 என்னும் வகையில் ஏறத்தாழ நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு. 430 என்னும் வகையில் குரோமியம் உண்டு. நிக்கல் இல்லை எனலாம். பின்னது விலை குறைவு. நம் ஈரத்தில், அதிலும் கடலோரத்தில், விரைவில் கறைபடும். ஒரு காந்தத்தைச் சட்டைப்பையில் கொண்டு செல்லுங்கள். 430-இல் நன்றாக ஒட்டும். 304-இல் வளைத்த இடங்களில் மட்டும் சற்றே ஒட்டினாலும் ஒட்டும். ஆயினும் இச்சோதனை பாதிச் சோதனையே. நிக்கலில் ஒரு பகுதிக்கு மாற்றாக மாங்கனீசு சேர்த்த 200 வரிசை எஃகிலும் காந்தம் ஒட்டாது; அது 304 அளவுக்குத் துருவைத் தாங்காது. எனவே வகை எண்ணைச் சீட்டில் எழுதித் தரச் சொல்வது நலம். எனாமல் பூசிய தகடும் நன்றே. அது கண்ணாடித் தூளை இரும்பின் மேல் உருக்கிப் பிடிக்கச் செய்தது. ஆனால் ஓரிடத்தில் சில்லு பெயர்ந்தால் துரு அங்கிருந்தே புறப்படும்.

செலவை மிச்சப்படுத்தக் கருதிப் பழைய குளிர்பெட்டியின் கம்பித் தட்டையோ, துத்தநாகம் பூசிய வலையையோ தணலின் மேல் வைப்பவர் உளர். இதை மட்டும் வன்மையாகத் தடுப்பேன். துத்தநாகம் 420 பாகை செல்சியசிலேயே உருகும். விசிறிய தணலோ அதற்கு மிகவும் மேற்பட்ட சூடுடையது. அப்புகையை உட்கொண்டவர்க்குக் குளிர்காய்ச்சல் போன்ற நோய் வரும். குளிர்பெட்டித் தட்டுகள் சிலவற்றில் காட்மியப் பூச்சும் இருந்ததுண்டு. அது துத்தநாகத்தினும் கொடிது. எண்ணெய்ப் பீப்பாயைப் பிளந்து அடுப்பாக்குவோரும் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டறிதல் வேண்டும்.

கரியா, எரிவாயுவா என்ற வழக்கு எங்கள் வீட்டிலும் எழுந்தது. மணம் கரியினால் மட்டும் வருவதன்று. கொழுப்பு சூடான பரப்பில் சொட்டிப் புகையாய் இறைச்சிக்கே திரும்புவதால் பெரும்பகுதி வருகிறது. எரிவாயு அடுப்பிலும் அது நிகழும். எனினும் சாத்தே போன்ற சிறு துண்டுகளுக்குக் குறுகிய தொட்டியில் விசிறிய தணலே ஏற்றது. கோலசெப்பெத்தாங் சூளைகளில் வேகும் பக்காவ் மரக்கரி நமக்கு அருகிலேயே கிடைக்கிறது. முழுக்கோழிக்கு மூடி வேண்டும். 1952-இல் சிக்காகோவில் மிதவைகள் செய்யும் பட்டறையில் பணிபுரிந்த ஜார்ஜ் ஸ்டீபன், மிதவையின் அரைக்கோளங்களைக் கொண்டே மூடியுள்ள உருண்டை அடுப்பை அமைத்தார். மூடியிலும் அடியிலும் உள்ள துளைகளைத் திறந்தும் அடைத்தும் காற்றை அளந்து விடுவதே அதன் நுட்பம்.

மழை வந்ததும் கரியடுப்பைச் சமையலறைக்குள் இழுத்துவரும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தணலிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை; அடைத்த அறையில் அது ஆளைக் கொல்லும். இடம் முழுதும் கூரைக்கு உட்பட்டதாயின் அடுப்பு வாங்குவதையே மறுபடி எண்ணிப் பாருங்கள்.

நாங்கள் வாங்கியது எனாமல் பூசிய, மூடியும் இழுவைத் தட்டும் உள்ள கரியடுப்பு. கம்பித் தட்டு மட்டும் 304. காந்தத்தைக் கண்ட கடைக்காரர் முதலில் முகம் சுளித்தார். பிறகு அவரே அதை வாங்கிக் கடையிலிருந்த மற்ற அடுப்புகளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.