குழாயும் குடியிருப்புச் சான்றும்

பிழைப்பு நாடி மும்பை வந்த நம்மவர் பலருக்குக் குடத்தோடு காத்திருத்தல் புதிதன்று. 1995 ஜனவரி 1-க்குப் பின் எழுந்த குடிசைகளுக்குக் குழாய்நீர் இல்லையென 1996-இல் மாநில அரசு விதித்தது. தண்ணீரின்றி வாழ இயலுமா? மாநகராட்சிக் கட்டணத்தினும் பன்மடங்கு கொடுத்து, ஏழைகள் பிறரிடம் வாங்கினர்.

2014 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம், தண்ணீர் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது. குடிசை சட்டபூர்வமானதன்று என்பதால் அதனை மறுத்தலாகாது என்று தீர்ப்பளித்தது. 2022-இல் மாநகராட்சி ‘அனைவருக்கும் தண்ணீர்’ என்னும் கொள்கையை வகுத்தது.

ஆயினும் குழாய் இணைப்பு மனையுரிமைக்குச் சான்றாகாது. இதனைக் குறையென நாம் எண்ணவேண்டா. மனைவழக்கு வேறு, தாகம் வேறு என்று பிரித்ததனாலன்றோ ஏழையின் வாயிலுக்குத் தண்ணீர் வர வழி பிறந்தது! அறிந்தோர் அறியாதார்க்கு இதனை எடுத்துரைப்போமாக.