பீங்கானைக் கவிழ்த்துப் பாருங்கள்

என் பாட்டியார் வீட்டிலிருந்த நீலப் பூவிட்ட பீங்கான் தட்டு, தெருவில் வந்த பாத்திரக்காரரிடம் ஓர் எவர்சில்வர் தூக்குவாளிக்கு மாற்றப்பட்டது. அதை எவரும் ஒருமுறைகூடக் கவிழ்த்துப் பார்த்ததில்லை.

சீனப் பீங்கானின் பிறப்புச் சான்று அதன் அடியில்தான் இருக்கிறது. நீல நிறத்தில் ஆறு எழுத்துகள் இரு வரிசையாக நிற்கும். அரபியைப் போன்றே வலப்புறம் தொடங்கி, மேலிருந்து கீழாகப் படித்தல் வேண்டும். முதலிரண்டும் அரச மரபு. அடுத்த இரண்டும் பேரரசரின் ஆட்சிப் பெயர். இறுதி இரண்டும் ‘ஆண்டுகளில் செய்யப்பட்டது’ என்னும் பொருளுடையன. மிங் மரபின் சுவான்டே ஆட்சி என்றிருந்தால், காலம் 1426 முதல் 1435 வரை. நான்கே எழுத்துகள் எனில், பெரும்பாலும் மரபின் பெயர் விடுபட்டிருக்கும்.

கணக்கு இவ்வளவில் முடிந்துவிடுமாயின் ஏமாறுவோரே இரார். காங்ஷி பேரரசர் காலத்தில் (1662–1722) ஜிங்டெஜென் நகரத்துக் குயவர்கள், தாம் செய்த கலங்களில் இருநூறாண்டுகளுக்கு முந்திய சுவான்டே, செங்ஹுவா முத்திரைகளை எழுதினர். அதனை முழு மோசடி என்று நான் கூறமாட்டேன். முன்னோர் கைத்திறனுக்குச் செலுத்திய மரியாதையும் அதில் உண்டு. 1677இல் அந்நகர அதிகாரி, பேரரசர் பெயரைக் கலங்களில் எழுதலாகாதெனத் தடுத்தார். உடைந்த சில்லில் அப்பெயர் மிதிபடுமே என்ற அச்சம்! அதனால் அக்காலக் கலங்கள் சிலவற்றில் வெற்று இரட்டை வட்டமோ, ஓர் இலையோ, முயலோ மட்டும் காணப்படும். பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் காங்ஷி முத்திரையையே பிறர் எழுதலாயினர். ஆங்கிலத்தில் ‘சைனா’ என்றிருந்தால் ஐயமே வேண்டாம். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டுமென்ற 1891இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டத்துக்குப் பிந்தியதாகவே அது பெரும்பாலும் இருக்கும். ஆகவே எழுத்தோடு அடிவளையம், மெருகு, நீலத்தின் சாயல், கனம் அனைத்தையும் ஒப்பிட்டே அறிஞர் முடிவு கூறுவர்.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றுண்டு. செங்டே பேரரசர் காலத்துக் (1506–1521) கலங்கள் சிலவற்றில் அரபி, பாரசீக எழுத்துகள் தீட்டப்பட்டுள்ளன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள மலை வடிவத் தூரிகைதாங்கி ஒன்றில், எழுதுகோல் வைக்குமிடம் எனப் பொருள்படும் ‘காமாதான்’ என்ற பாரசீகச் சொல்லைக் காணலாம். நாம் வழங்கும் ‘பீங்கான்’ என்ற சொல்லும் பாரசீகம் தந்ததே.

எனினும், நான் பெரிதும் நம்புவது சீனத்து முத்திரையை அன்று. ஈரானின் ஷா அப்பாஸ், ஹிஜ்ரி 1020இல், அதாவது 1611இல், அர்தபீல் நகரிலுள்ள தம் முன்னோர் ஷெய்கு சஃபியின் அடக்கத்தலத்துக்கு 1,100க்கும் மேற்பட்ட சீனக் கலங்களை வக்ஃபு செய்தார். அவற்றின் மெருகைக் கீறி, சிறு கட்டத்துக்குள் அவ்வக்ஃபுச் செய்தி பொறிக்கப்பட்டது. அடியில் எந்த ஆட்சிப் பெயர் இருப்பினும், முத்திரையே இல்லாதிருப்பினும், அப்பொறிப்பு உண்மையானதாயின் அக்கலம் 1611க்குப் பிந்தியதாக இருக்க முடியாது. மிங் காலப் பீங்கான்களை வரிசைப்படுத்த முயன்ற அறிஞர்களுக்கு உறுதியான எல்லைக்கல்லாக அமைந்தது அந்த வக்ஃபுதான். அக்கலங்களுள் பெரும்பாலானவை இன்று தெஹ்ரானின் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன.