"எனக்கு ஒண்ணுமில்ல" என்று அவர்கள் சொல்வது ஏன்?

காலையில் போட வேண்டிய மாத்திரை அட்டையிலேயே இருக்கிறது. "இப்பத்தானே போட்டேன்" என்கிறார் அம்மா. அட்டையை எடுத்துக் காட்டினால், "அது புதுசா வாங்கினது" என்கிறார், கொஞ்சமும் தடுமாறாமல். தினமும் இப்படி நடக்கிற வீட்டில், பொய் சொல்கிறார், வீம்பு பிடிக்கிறார் என்றுதான் தோன்றும். அப்படியல்ல. மறதிநோய் (டிமென்ஷியா) வந்தவர்களில் பலருக்கு, தமக்கு மறதி இருப்பதை உணரும் திறனும் சேர்ந்தே பழுதாகிவிடுகிறது.

இதற்கு மருத்துவத்தில் அனோசோக்னோசியா என்று பெயர். 1914இல் பாரிஸ் நரம்பியல் மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி வைத்த பெயர் அது. அவர் பார்த்தவர்கள் பக்கவாத நோயாளிகள்; இடது கை செயலிழந்தும் அதை அறியாமல் இருந்தவர்கள். இடப்பக்கம் செயலிழந்தால், பாதிக்கப்பட்டது மூளையின் வலப்பக்கம்.

பல ஆண்டுகள் கழித்து மறதிநோயிலும் அந்த வலப்பக்கமே கண்ணில் பட்டது. ஸ்பெக்ட் ஸ்கேனில், மிகச் சிறிதளவு கதிரியக்கம் கொண்ட மருந்தைக் கையின் ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். ரத்தம் அதிகம் பாயும் இடத்தில் அது அதிகமாகப் போய்த் தங்கும். கேமரா அதைப் படமெடுக்கும். மறதிநோயில் ஒரு வகையான அல்சைமர் வந்தவர்களுக்குப் பொதுவாக மூளையின் பக்கவாட்டிலும் பின்பக்க மேற்பகுதியிலும் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். தன் நோயை உணராதவர்களுக்கு, வலது நெற்றிப்புற மடலிலும் அது குறைந்திருப்பதை 1990களில் சில ஆய்வுகள் கண்டன. பிறகு வந்தவை எல்லாம் ஒரே இடத்தைச் சுட்டவில்லை. ஆனாலும் நெற்றிப்புற மடலுக்கு இதில் பங்கு உண்டு என்பதை நம்பலாம். அந்த மடலில் தொடங்கும் வகை டிமென்ஷியாவில், நோயுணர்வு ஆரம்பத்திலேயே போய்விடுவது வழக்கம்.

நாம் சொன்னதும் செய்ததும் சரிதானா என்று நமக்குள் சரிபார்க்கிற வேலையில் அந்த மடல் முக்கியமானது. அது தளர்ந்தால் தவறு தவறாகவே தெரியாது. புதிய நினைவுகளும் பதிவதில்லை என்பதால், நேற்றுப் பால் பொங்கி அடுப்பு அணைந்தது நோயாளியின் கணக்கில் ஏறுவதே இல்லை. வீட்டையே கட்டி ஆண்ட பழைய ஆளாகத்தான் தம்மை அவர் அறிந்திருக்கிறார்.

அப்படியானால் ரத்த ஓட்டத்தைக் கூட்டினால் போதாதா என்று கேட்பார்கள். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான்; ஆனால் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. எந்தப் பகுதி உழைக்கிறதோ அங்கே ரத்தம் கூடுதலாகப் பாயும். அல்சைமரில் நரம்பணுக்கள் நலிந்து வேலை குறைவதால் ரத்தமும் குறைகிறது. பெரும்பாலும் அது விளைவுதான். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் டிமென்ஷியாவில் கதை வேறு: அங்கே ரத்தம் போகாததே காரணம். பிரஷரையும் சுகரையும் கட்டுக்குள் வைத்தால் மேற்கொண்டு வரும் சேதத்தைக் குறைக்கலாம். 'மூளைக்கு ரத்தம் ஏற்றும்' என்று விற்கப்படும் லேகியத்துக்கும் எண்ணெய்க்கும் காசைக் கொட்டாதீர்கள். இழந்த நோயுணர்வை அவை மீட்டுத் தராது.

ஆகவே அட்டையைக் காட்டி வாதாடுவதில் பயனில்லை. அவருக்கு அது அவமானமாக மட்டுமே மிஞ்சும். மாத்திரையை நீங்களே கையில் கொடுத்து, அவர் விழுங்கும் வரை கூட இருங்கள். சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். மருத்துவரிடம் போகும்போது கூடவே வாழ்கிறவர் ஒருவர் கட்டாயம் போக வேண்டும்; "நல்லாத்தான் இருக்கேன்" என்ற பதிலை மட்டும் கேட்டால் மருத்துவருக்கு நோயின் அளவு பிடிபடாது. வீட்டார் சொல்வதை நோயாளியின் முன்னால் குற்றப்பட்டியலாகப் படிக்காமல், தனியே எழுதிக் கொடுத்துவிடலாம்.