பால்பாகுபாட்டு இலக்கணமும் திருநர் உரிமையும்

தமிழில் திணையும் பாலும் வினைமுற்றிலும் வெளிப்படுவதால், திருநரைச் சுட்டும் முறை இலக்கணச் சிக்கலாக மட்டுமன்றிச் சமூக மதிப்பு சார்ந்த சிக்கலாகவும் அமைகிறது. தொல்காப்பியக் கிளவியாக்கம் பேடியரை உயர்திணையில் வைக்கிறது. அவர்களுக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், உயர்திணைப் பால் ஈறுகளையே அவர்தம் பெயர்கள் ஏற்கும் என்றும் கூறும் அது, ஆண்பாற்சொல் பேடிக்குப் பொருந்தாது எனவும் வரையறுக்கிறது.

நன்னூல் பெயரியல், பெண்மை நீங்கி ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலாகவும், ஆண்மை நீங்கிப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலாகவும் கொள்கிறது. இங்குப் பாலை வரையறுப்பது உறுப்பமைதி அன்று, விருப்பமே. எனினும் அந்நூற்பா, இவ்விரு சாராரையும் அஃறிணை போலச் சுட்டவும் இடமளிக்கிறது.

தமிழ்நாடு அரசு 2008-இல் திருநங்கையர் நலவாரியத்தை நிறுவியது. தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014-இல் ஏற்றது. நன்னூலின் விருப்ப அளவுகோல் இவ்வுரிமையோடு இயைகிறது. அஃறிணை இசைவோ முரண்படுகிறது.

‘அவர்’ என்னும் உயர்வுச்சொல் பால் சுட்டாது. ஆயினும் ஒருமை வழக்கில் சிக்கல் எஞ்சுகிறது. அவ்விடத்து அவரவர் ஏற்கும் பால் ஈற்றையே ஆளுதலும், அஃறிணை இசைவை இலக்கண வரலாறாக மட்டுமே பயிற்றுவித்தலும் பொருந்தும்.