ஆடித் திருவிழாவில் உறுமி மேளத்தைப் படம் எடுக்கப் போகிறீர்களா?

ஆடி பிறந்துவிட்டால் ஜொகூரில் வெள்ளி, சனி, ஞாயிறு எந்த மாலையும் சும்மா இருக்காது. மாசாய் பக்கம் ஒரு கோயில், கூலாய் பக்கம் ஒரு கோயில், செம்பனைக்கு நடுவே இன்னும் நிற்கும் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் என்று எங்காவது உறுமிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வெளிநாடுகளில் கோடைக்கால நாட்டார் இசை விழா என்று தனியாக நடத்துகிறார்கள். கோடை, குளிர் என்று பிரிவே இல்லாத நமக்கு ஜூலை, ஆகஸ்டில் வரும் இந்த ஆடித் திருவிழாதான் அந்த விழா.

இந்த மாதத்தில் நம்மில் பல ஆசிரியர்கள் மாணவர்களுக்கு இடுபணி கொடுப்போம். "திருவிழாவுக்குப் போங்க, நாலு படம் எடுங்க, ஒரு வருணனைக் கட்டுரை எழுதுங்க" என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். திரும்பி வரும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முன்னால் நிற்பவரின் பின்தலை, அவர் தூக்கிப் பிடித்த இன்னொரு கைப்பேசி, ஊதா நிறத்தில் கரைந்துபோன முகங்கள். கீழே "உறுமி மேளம்" என்று இரண்டே சொல். அதை வைத்துக்கொண்டு பிள்ளை எதை வருணிப்பான்?

இதை நான் எழுத இன்னொரு காரணமும் உண்டு. என் பாட்டியின் ஆல்பத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. ரப்பர் மரங்களுக்கு முன்னால் நான்கு ஆண்கள், நால்வர் தோளிலும் வட்டப் பறை. பின்பக்கம் பென்சிலில் 'திருவிழா' என்று எழுதியிருக்கிறது. ஆண்டு இல்லை, தோட்டத்தின் பெயர் இல்லை, நால்வரில் ஒருவர் பெயர்கூட இல்லை. கேட்டால் சொல்லக்கூடியவர்கள் போய்விட்டார்கள். படம் எடுத்தவர் ஒரு நிமிடம் கூடுதலாக நின்று கேட்டிருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். படம் எடுப்பதற்கு முதலில் தயாராக வேண்டியது காது. வினோதமாகத் தோன்றலாம், ஆனால் மேளக் கலைஞரை நல்ல படம் எடுப்பவர்கள் எல்லாரும் தாளத்தைக் கேட்டுத்தான் எடுக்கிறார்கள். கேமராவைத் தூக்குவதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா நின்று கேளுங்கள், பாருங்கள்.

உறுமி இரண்டு முகம் கொண்டது, இடை ஒடுங்கியது, உடுக்கையின் பெரிய அண்ணன் மாதிரி. ஒரு முகத்தில் குச்சியால் அடிப்பார்கள். மறு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் உறுமும் ஓசை பிறக்கிறது, பெயரும் அதனால்தான். அப்படியானால் உறுமிக்காரரின் படத்தில் எது தெரிய வேண்டும்? தேய்க்கும் கை. நம் பிள்ளைகள் எடுக்கும் படங்களில் பெரும்பாலும் அடிக்கும் பக்கம்தான் விழுகிறது, ஏனென்றால் அந்தக் கைதான் பெரிதாக அசைகிறது. அந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு அது உறுமி என்றே தெரியாது, ஏதோ ஒரு மேளம். இரண்டடி நகர்ந்து தேய்க்கும் பக்கம் போய் நின்றால் போதும்.

பறைக்கு வேறு கணக்கு. ஒரே முகம், வட்ட மரச்சட்டம், தோளில் தொங்கும். இரண்டு குச்சிகள்: பெரும்பாலும் வலக்கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி, இடக்கையில் நீண்ட, மெல்லிய சிண்டுக்குச்சி. ஆட்டத்துக்கு முன் தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றுவார்கள். ஈரக்காற்றில் தொய்ந்த தோல் அப்போதுதான் இறுகி 'கணீர்' என்று பேசும். ஆட்டத்தைவிட இந்தச் சூடேற்றும் காட்சி எனக்குப் பிடிக்கும். கலைஞர் குனிந்திருப்பார், நெருப்பு வெளிச்சம் முகத்தில் விழும், விரலால் தட்டித் தட்டிக் காது கொடுப்பார். யாரும் தள்ளமாட்டார்கள், நிதானமாக எடுக்கலாம். ஆனால் மாணவர்கள் அந்த நேரத்தில் பெரும்பாலும் அன்னதான வரிசையில் நிற்பார்கள்! அரை மணி நேரம் முன்னதாகவே வரச் சொல்லுங்கள்.

இனி தாளம். எந்த அடியும் ஒரு சுற்று. நான்கைந்து சுற்று கேட்டால் எங்கே ஏறுகிறது, எங்கே முத்தாய்ப்பு வைக்கிறது என்று பிடிபட்டுவிடும். குச்சி மேலே போய், கீழே திரும்பும் முன் ஒரு கணம் நிற்கும். ஆடுபவர் குதித்தால் உச்சியில் ஒரு கணம் நிற்பார். அந்தக் கணத்தில் அசைவு மிகக் குறைவு. மங்கிய வெளிச்சத்தில் சாதாரணக் கைப்பேசிகூட அந்தக் கணத்தைத் தெளிவாகப் பிடிக்கும். பார்த்த பிறகு அழுத்தினால் தாமதம்தான். தாளம் தெரிந்தவர் அந்தக் கணம் வருவதற்கு முன்பே விரலை வைத்திருப்பார். "விலையான கேமரா இல்ல டீச்சர்" என்று சொல்லும் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். குச்சிகள் பனிமூட்டம் போலக் கலைந்து, முகம் மட்டும் தெளிவாக இருப்பதும் அழகுதான். அது தெரிந்து செய்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெளிச்சம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இரவு விழாவில் படங்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஜொகூரில் ஜூலையில் சூரியன் மறைவது ஏறக்குறைய ஏழேகால் மணிக்கு. ஆறரை முதல் ஏழேகால் வரை சாய்வான, மென்மையான ஒளி. அதன் பின் இருட்டு வேகமாக இறங்கிவிடும், நாம் நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு பக்கம். ஊர்வலம் புறப்படும் நேரம் தெரிந்தால் இந்த முக்கால் மணி நேரத்தைக் குறிவையுங்கள்.

இருட்டிய பின் கைப்பேசி தானாகவே ஒரு தவறு செய்யும். பின்னணி கறுப்பாக இருப்பதைப் பார்த்து, படம் முழுவதையும் வெளிச்சமாக்கப் பார்க்கும். கலைஞரின் முகம் வெளுத்து, நம் மாநிறம் மாவு பூசியது போல ஆகிவிடும். திரையில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், பூட்டிக்கொள்ளும். பிறகு அந்தச் சின்னச் சூரியக் குறியைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். பின்னணி இருட்டாகவே இருக்கட்டும், இரவுதானே.

மேடையில் எல்இடி விளக்கு இருந்தால் சில படங்களில் கறுப்புப் பட்டைகள் குறுக்கே ஓடும். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி, அதனால் விளக்கு வினாடிக்கு 100 முறை மின்னி மின்னி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 'புரோ' முறையில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என வைத்தால் பட்டை பெரும்பாலும் போய்விடும். மலிவான சில மேடை விளக்குகள் இதற்கும் அடங்குவதில்லை. பகலாக இருந்தால் குச்சியை உறையவைக்க 1/500 வையுங்கள். இரவில் 1/100தான் கிடைக்கும். அப்போதுதான் மேலே சொன்ன அந்த 'நிற்கும் கணம்' கைகொடுக்கிறது. ஃபிளாஷ் வேண்டாம். கைப்பேசி ஃபிளாஷ் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் போகாது, சாம்பிராணிப் புகையில் பட்டுத் திரும்பி வெள்ளைத் திரைதான் கிடைக்கும். வாசிப்பவர் கண்ணும் கூசும். விரலால் இழுத்துப் பெரிதாக்குவதும் வேண்டாம், கால் இருக்கிறது, நடங்கள்.

இலக்கியம் எடுக்கும் மாணவர்கள் இந்த இடத்தில் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை நினைக்கலாம். அரங்கத்தின் அளவைச் சொல்லும்போதே, தூண்களின் நிழல் ஆடுபவர்மேல் விழாதபடி விளக்கை வைக்க வேண்டும் என்கிறார் இளங்கோ. கோயில் திடலில் கூடாரக் கம்பியின் நிழல் கலைஞரின் முகத்தை இரண்டாகப் பிளப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வரும். விளக்கை நம்மால் நகர்த்த முடியாது. நாம் நகரலாம்.

ஒத்திகையும் ஒரு நல்ல வாய்ப்பு. சரவாக்கில் 1998 முதல் நடந்துவரும் மழைக்காட்டு உலக இசை விழாவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சந்துபோங் மலையடிவாரத்தில், சரவாக் பண்பாட்டுக் கிராமத்தில் நடக்கும். இரவில் பெரிய மேடை, பகலில் அதே கலைஞர்கள் பாரம்பரிய வீடுகளுக்குள் அமர்ந்து வாசித்துக் காட்டி விளக்கும் பட்டறைகள். இரவு மேடைப் படத்தில் விளக்கும் புகையும்தான் பேசும், பகல் பட்டறைப் படத்தில் விரல் பேசும். நம் ஊர் உறுமிக் குழுக்களுக்கும் இது பொருந்தும். திருவிழாவுக்கு முந்தைய வாரம் ஒத்திகை நடக்கும் இடத்துக்குப் போய், "அண்ணே, ஸ்கூல் வேலைக்குப் படம் எடுக்கலாமா?" என்று கேட்டால் விரட்டமாட்டார்கள். தேநீர்கூடக் கிடைக்கும். தமிழ்நாட்டில் 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் கிராமியக் கலைஞர்களைப் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்தது. 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' அவர்களை விளக்கு நிறைந்த மேடையில் ஏற்றியது. இரண்டின் படங்களையும் இணையத்தில் தேடி அருகருகே வைத்து வகுப்பில் காட்டுங்கள். ஒரே கலை, தரையிலும் மேடையிலும் எவ்வளவு மாறித் தெரிகிறது என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

எதை எடுக்கக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன், மேளத்தின் உச்சத்தில் அருள் வந்து ஆடிய ஓர் அம்மாவைப் படம் எடுத்து வகுப்புப் புலனக் குழுவில் போட்டான். முடி அவிழ்ந்து, சேலை கலைந்து, கண் செருகிய படம். அன்றிரவே எங்கெங்கோ போய்விட்டது. அந்த அம்மாவின் மகன் அதே படிவத்தில் படிக்கிறான் என்பது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது. இரண்டு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. இடுபணி கொடுத்தது நான்தான், இது பற்றி ஒரு சொல் சொல்லாமல் விட்டதும் நான்தான். அன்றிலிருந்து ஒரே விதி. தன்னிலை மறந்திருப்பவரால் 'சரி' சொல்ல முடியாது, ஆகவே அந்த நேரத்தில் கேமரா கீழே இறங்கிவிட வேண்டும். சிறுபிள்ளைகள் என்றால் பெற்றோரைக் கேட்க வேண்டும். சாமிக்கும் மேளத்துக்கும் இடையே போய் நிற்கக்கூடாது. செருப்பு வெளியே. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், ஆனால் கையில் கேமரா வந்தால் பெரியவர்களே மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாகக் குறிப்பு எழுதுவது. தமிழாசிரியருக்கு இதுதான் சொந்த நிலம். தொல்காப்பியம் சொல்லும் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் மூன்றையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். படக் குறிப்புக்கு இதைவிட நல்ல அச்சு நான் பார்த்ததில்லை. முதற்பொருள் நிலமும் பொழுதும்: எந்த இடம், எந்த நாள், எத்தனை மணி. கருப்பொருள் அந்த நிலத்துக்குரியவை. தெய்வம், உணவு, மரம், பறவை என்ற அந்தப் பட்டியலில் பறையும் இருக்கிறது என்பதை மாணவர்களுக்குக் காட்டுங்கள். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று நிலத்துக்கொரு பறை. படத்தில் இருப்பது உறுமியா, பறையா, பம்பையா, தவிலா? பெயர் எழுதட்டும். உரிப்பொருள் அந்த நேரத்து உணர்வு, கட்டுரை பிறக்கும் இடம் அது.

"உறுமி மேளம்" என்பதற்குப் பதில் இப்படி எழுதலாம்: "2.8.2024, ஆடி மூன்றாம் வெள்ளி, இரவு 9.10. கூலாய் அருகே தோட்டத்துக் கோயில் திடல். கரகம் வந்து சேரக் காத்திருக்கும் உறுமிக் குழு. இடமிருந்து இரண்டாமவர் உறுமியைத் தேய்த்து ஓசை சரிபார்க்கிறார்." இதோடு ஒவ்வொருவரின் பெயர், குழுவின் பெயர், யாரிடம் கற்றார் என்பது. கேட்டால் சொல்வார்கள். யாரிடம் கற்றார் என்று கேட்டால் முகமே மலரும்.

நாளும் ஆண்டும் ஏன் இவ்வளவு முக்கியம் என்று சில மாணவர்கள் கேட்பார்கள். பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரைப் பாருங்கள். தைப்பூச ஊர்வலத்தில் மேளம் வாசிக்க 1973இல் தடை வந்தது. 2016இல்தான் ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. ஆண்டு எழுதிய ஒரு தைப்பூசப் படத்தில் மேளக்காரர் இருப்பதும் இல்லாததும் வரலாறு. ஆண்டு எழுதாவிட்டால் அது வெறும் கூட்டம்.

படத்தைப் புலனத்தில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், எடுத்த நேர விவரமும் அழிந்துபோகும். 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள். குழுவுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். தங்கள் படத்தைத் தாங்களே பார்த்திராத கலைஞர்கள் நிறைய பேர்.

போன ஆடியில் பாட்டியின் படத்தைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். பறையைச் சூடேற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் படத்தை நெருப்பு வெளிச்சத்தில் சாய்த்து நெடுநேரம் பார்த்தார். "மூணாவது ஆள் இடக்கைக்காரரும்மா," என்றார். "பாருங்க, அடிக்குச்சி இடது கையில இருக்கு. நல்லா வாசிக்கிறவர் மாதிரி பிடிச்சிருக்கார்." அது வரை எனக்கு அது தெரியாது. பெயர் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்.